ஏ.டி.டி. 36 எப்படி 'யுனுவு 36' ஆச்சு? பழைய கம்ப்யூட்டர்களில் தமிழ் பட்ட பாடு

எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்

இந்த எபிசோடில் பழைய கம்ப்யூட்டர்களைப் பத்திப் பேசப்போறோம். ஆனா பிராசசர், ராம்னு போகப்போறதில்லை. அந்த மெஷின்கள் தமிழை எப்படிப் படாதபாடு படுத்துச்சு, அதில் எதெல்லாம் இன்னைக்கும் நம்ம கைக்கு வராமல் கிடக்குன்னு பார்ப்போம்.

1981-இல் ஆரம்பிக்கலாம். அந்த வருஷம் ஆகஸ்ட் 12-ஆம் தேதி ஐ.பி.எம். தன்னோட பர்சனல் கம்ப்யூட்டரை அமெரிக்காவில் அறிமுகப்படுத்துது. சரியா 34 நாள் கழிச்சு, செப்டம்பர் 15-ஆம் தேதி, தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கப்படுது. ரெண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனா அதுக்கப்புறம் தமிழில் எழுத கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்த ஒவ்வொருத்தரும் இந்த ரெண்டு உலகத்துக்கு நடுவில் மாட்டிக்கிட்டாங்க. தமிழை ஆராயறதுக்குன்னே ஒரு பல்கலைக்கழகம் இருக்கு. மேசை மேல இருக்கிற பெட்டிக்கோ தமிழ்னு ஒரு மொழி இருக்கிறதே தெரியாது.

கற்பனையா ஒரு ஃபைலை எடுத்துக்குவோம். 1998-இல் கும்பகோணத்தில் ஒரு டி.டி.பி. சென்டர். குறுவைக்கு எந்த நெல் ரகம் போடலாம்னு ஒரு சின்ன கையேடு டைப் பண்றாங்க. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தோட ரகங்கள், அளவு, உரம், பூச்சி எல்லாம் அதில் இருக்கு. ஃப்ளாப்பியில் சேமிச்சு வெச்சாச்சு. இன்னைக்கு அதைத் திறக்கணும். முடியுமா? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்த எபிசோடு.

247 எழுத்து, 128 நாற்காலி

அந்தக் காலத்து கம்ப்யூட்டர் ஒவ்வொரு எழுத்தையும் ஒரு எண்ணாகத்தான் வெச்சுக்கும். ஒரு பைட்டில் 256 எண்கள் அடங்கும். அதில் முதல் 128 இடம் ஆங்கில எழுத்து, எண்கள், நிறுத்தற்குறிகள், சில கட்டளைகளுக்குன்னு முன்னாடியே ரிசர்வ் ஆகிடுச்சு. மிச்சம் 128 நாற்காலி.

நம்ம கணக்கு என்ன? உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. மொத்தம் 247. இதுக்கு மேல கிரந்த எழுத்துகள் வேற. 'ராஜராஜன்'னு எழுதணும்னாலே 'ஜ' வேணுமே!

247 பேர் 128 நாற்காலியில் உட்கார முடியாது. அதனால எழுத்தை உடைக்க வேண்டியதாச்சு. துணைக்கால் தனி, கொம்பு தனி, புள்ளி தனி. கு, கூ மாதிரி உடைக்க முடியாத வடிவங்களுக்கு மட்டும் தனி இடம். எதை எங்கே உடைக்கறது, எந்தத் துண்டை எந்த எண்ணில் வைக்கிறது? இதை ஆளாளுக்கு ஒரு மாதிரி முடிவு பண்ணினாங்க. பிரச்சினையோட வேர் அங்கதான் இருக்கு.

கார்டு சொருகினால்தான் தமிழ்

முதல் தலைமுறை பி.சி.களில் சிக்கல் இன்னும் அடியில் இருந்துச்சு. டாஸ் திரையில் தெரியற எழுத்துகளோட வடிவம் டிஸ்ப்ளே கார்டில் இருக்கிற ஒரு சிப்பில் நிரந்தரமா பதிஞ்சிருக்கும். சி.ஜி.ஏ. கார்டில் ஒரு எழுத்துக்கு 8 புள்ளி அகலம், 8 புள்ளி உயரம். அந்த 64 புள்ளிக்குள்ள ஆங்கில 'ஏ' அழகா நிக்கும். 'ஞ' நிக்குமா? 'ணை' நிக்குமா?

ஒரு வழி, எழுத்தைப் படம் மாதிரி வரையறது. 1980-களில் தமிழில் எழுதுறதுக்கான மென்பொருள்கள் தமிழ்நாட்டுக்கு வெளியேயும் உருவாச்சு. கனடாவில் ஸ்ரீநிவாசன் 'ஆதமி' செஞ்சார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் 'முரசு' மென்பொருளைத் தொடங்கினார். ஆனா இப்படிப்பட்ட மென்பொருளில் எழுதினதை அதே மென்பொருளில்தான் படிக்க முடியும். பக்கத்து மெஷினில் அது இல்லைன்னா கதை முடிஞ்சுது.

இன்னொரு வழி, வன்பொருளையே மாத்தறது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பிறந்து, புனேயில் 1988-இல் தொடங்கின சி-டாக் நிறுவனம் வழியா வந்தது ஜிஸ்ட் கார்டு. பி.சி.யைத் திறந்து ஒரு ஸ்லாட்டில் இதைச் சொருகணும். டி-பேஸ் மாதிரி ஆங்கிலத்துக்குன்னு எழுதின மென்பொருளில்கூட இந்திய எழுத்துகள் வரும். மென்பொருளுக்குத் தமிழ் தெரியாது, கார்டுக்குத் தெரியும். யோசிச்சுப் பாருங்க, நல்ல தந்திரம்தான்.

ஆனா அதே ஃபைலை கார்டு இல்லாத மெஷினில் திறந்தால்? மேல் 128 இடத்தில் ஐ.பி.எம். வெச்சிருந்த கட்டம் போடற கோடுகளும் கிரேக்க எழுத்துகளும் திரை முழுக்க ஓடும். இதுபோக வேர்ட்ஸ்டார்னு அன்னைக்குப் பிரபலமான மென்பொருள் ஒண்ணு. அதோட பழைய பதிப்புகள் ஒவ்வொரு சொல்லோட கடைசி எழுத்திலும் எட்டாவது பிட்டைத் தன் சொந்தக் குறிப்புக்கு எடுத்துக்கும். அந்த எட்டாவது பிட்தான் மேல் 128 நாற்காலிக்கு ஏணி. ஏணியையே அது எடுத்துட்டுப் போயிடும்!

ஆங்கிலத்தோட நாற்காலியில் தமிழ்

1992-இல் விண்டோஸ் 3.1 வந்துச்சு. கூடவே ட்ரூடைப் ஃபான்ட். இனிமே சிப்பும் வேண்டாம், கார்டும் வேண்டாம். எழுத்து வடிவம் ஒரு ஃபைலுக்குள்ள இருக்கும். திரையில் தெரியறதே பிரிண்டிலும் வரும். ஃபான்ட் எடிட்டர் கையில் இருந்தால் யார் வேணும்னாலும் தமிழ் ஃபான்ட் செய்யலாம். செஞ்சாங்க. ஒவ்வொரு நிறுவனமும் ஒரு வரிசை, பத்திரிகைக்குப் பத்திரிகை ஒரு ஃபான்ட்.

பாமினி மாதிரி ஃபான்ட்கள் ரொம்பத் துணிச்சலா ஒரு வேலை செஞ்சுது. மேல் நாற்காலிகளை நம்பாமல், ஆங்கிலத்தோட நாற்காலியிலேயே தமிழை உட்கார வெச்சுது. அங்கே ஆங்கில 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'அ'வோட படம். பெரிய 'எம்' இடத்தில் 'ஆ'. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை நீங்க ஆங்கிலம்தான் அடிக்கிறீங்க. கண்ணுக்கு மட்டும் தமிழ். 'தமிழ்'னு எழுதினால் உள்ளே பதியறது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி.

இன்னைக்குப் பார்த்தா இது கோணல் வழியா தெரியும். ஆனா அன்னைக்கு இதுக்கு ரெண்டு நல்ல காரணம் இருந்துச்சு. ஒண்ணு, விசைகளோட வரிசை தமிழ் டைப்ரைட்டரை ஒட்டியிருந்துச்சு. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் பாஸ் பண்ணினவங்க நேரா வந்து உட்கார்ந்து வேலையை ஆரம்பிக்கலாம். ரெண்டாவது, அந்தக் கால மின்னஞ்சல் வழிகள் பல 7 பிட்டை மட்டும்தான் கடத்தும். மேல் நாற்காலியில் உட்கார்ந்த தமிழ் வழியிலேயே உருக்குலையும். ஆங்கில நாற்காலியில் உட்கார்ந்த தமிழ் பத்திரமா போய்ச் சேரும். குறுக்குவழிதான். ஆனா மழை பெய்யற அன்னைக்கு அந்தக் குறுக்குவழியில்தான் தண்ணி நிக்கலை.

விலையும் கொடுக்க வேண்டியிருந்துச்சு. வேர்டில் ஆட்டோ கரெக்ட்னு ஒரு வசதி இருக்கு, தெரியும்தானே? வாக்கியத்தோட முதல் எழுத்தை அதுவே பெரிய எழுத்தாக்கும். பாமினியில் வாக்கியத்தை 'அம்மா'ன்னு தொடங்கினால், அது சின்ன 'எம்'மைப் பெரிய 'எம்' ஆக்கிடும். அம்மா, 'ஆம்மா' ஆகிடுவாங்க. 'எனவே' என்பது 'ஏனவே' ஆகும். வேர்டைக் குறை சொல்லவும் முடியாது. தான் ஆங்கிலத்தைத் திருத்தறதாகத்தான் அது நினைச்சுக்கிட்டிருக்கு.

இன்னொரு சிக்கல் வரிசை. 'நெல்'னு எழுதும்போது நாம 'ந'வை மனசில் வெச்சுத்தான் எழுதறோம். ஆனா பார்வைக்குக் கொம்பு முன்னாடி வருது. பாமினியில் அந்தக் கொம்புதான் முதலில் பதியும்: என், ஈ, ஒய், அரைப்புள்ளி. அப்போ அகரவரிசையில் அடுக்கச் சொன்னால் என்ன ஆகும்? நெல், செங்கல், தென்னை மூணும் ஒரே எழுத்தில் ஆரம்பிக்கற சொற்களாக ஒண்ணாப் போய் நிக்கும். அகராதி செய்யறவங்களுக்கு இது எவ்வளவு பெரிய தலைவலின்னு நான் சொல்லணுமா?

காணாமல் போன 'இ'

1990-களின் நடுவில் இன்டர்நெட் வந்ததும் உலகம் முழுக்க இருக்கிற தமிழர்கள் ஒருத்தருக்கொருத்தர் எழுத ஆரம்பிச்சாங்க. ஒருத்தர் எழுதினது இன்னொருத்தருக்குத் தெரியலை. 1997-இல் சிங்கப்பூரில் தமிழ்நெட் மாநாடு நடந்துச்சு. அந்தக் காலகட்டத்தில் மின்னஞ்சல் வழியாகவே பல நாட்டுத் தமிழர்கள் விவாதிச்சு உருவாக்கினது டிஸ்கி என்ற குறியீட்டு முறை. ஆங்கிலம் தன் இடத்தில் இருக்கும், தமிழ் மேல் 128-இல் இருக்கும். ரெண்டையும் ஒரே ஃபைலில் கலந்து எழுதலாம்.

டிஸ்கியில் உயிரெழுத்துகள் 171-இல் தொடங்கி வரிசையா நிக்கும். 171-இல் 'அ', 172-இல் 'ஆ', 173-இல் 'இ'. இதில்தான் ஒரு கண்ணிவெடி இருந்துச்சு. சர்வதேசத் தரத்தில் 173-ஆம் இடம் ஏற்கனவே வேற ஒண்ணுக்கு ஒதுக்கியாச்சு. வரியோட கடைசியில் சொல்லை உடைச்சால் மட்டும் கண்ணுக்குத் தெரியற இணைப்புக்கோடு அது. மத்த நேரத்தில் மறைஞ்சிருக்கும். அதனால சில மென்பொருள்கள் 'இ'யைத் திரையில் காட்டாமல் விழுங்கிடும். 'இலை' வெறும் 'லை' ஆகும். கடைசியில் டிஸ்கி 1.7-இல் 254-ஆம் இடத்தில் இன்னொரு 'இ' வெச்சாங்க. ஒரே எழுத்துக்கு ரெண்டு வீடு.

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு. அதன் விளைவா தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையையும், டாம், டாப்னு ரெண்டு குறியீட்டு முறைகளையும் தரமாக அறிவிச்சுது. தமிழ் மட்டும் எழுத டாம். ஆங்கிலமும் சேர்த்து எழுத டாப். குழப்பம் தீர்ந்துச்சா? வெளிநாட்டுத் தமிழர்களிடம் டிஸ்கி, அரசு அறிவிப்பில் டாமும் டாப்பும், டி.டி.பி. சென்டரில் பாமினி, பல அரசு அலுவலகங்களில் வானவில். தரப்படுத்தப் போய், பட்டியலில் இன்னும் ரெண்டு பேர் சேர்ந்தாங்க. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யலை. அவங்கவங்க மேசையில் இருந்த மெஷினுக்கு அவங்கவங்க தீர்வு சரியாத்தான் இருந்துச்சு. தஞ்சாவூரில் அடிச்சது டொரன்டோவில் தெரியணும்னு வந்தபோதுதான் சிக்கல்.

யூனிகோட் வந்தாச்சு, ஆனா சி.டி. எங்கே?

தமிழுக்கு யூனிகோடில் இடம் 1991-லேயே கிடைச்சாச்சு. 1988-இல் வந்த இந்திய இஸ்கி குறியீட்டை அடிப்படையா வெச்சு அந்தப் பட்டியலைப் போட்டாங்க. அதனால ரெண்டு வினோதங்கள். ஒண்ணு, இந்தியில் இருக்கிற, தமிழில் இல்லாத எழுத்துகளுக்கான இடங்கள் தமிழ்ப் பகுதியில் காலியா கிடக்கு. ரெண்டு, ர-வுக்கு அடுத்து ற, ந-வுக்கு அடுத்து ன. எண் வரிசைப்படி அடுக்கினால் நம்ம அகரவரிசை வராது. தமிழுக்குன்னு தனி விதி சொல்லித்தரணும்.

ஆனா அடிப்படையில் ஒரு பெரிய மாற்றம் நடந்துச்சு. யூனிகோட் சேமிக்கறது எழுத்தோட படத்தை இல்லை, எழுத்தை. 'நெல்'லில் முதலில் 'ந', அப்புறம் கொம்பு. திரையில் கொம்பை முன்னாடி கொண்டுவந்து வைக்கிறது மென்பொருளோட பொறுப்பு.

அந்தப் பொறுப்பை ஏத்துக்க மென்பொருள் தயாரா இருக்கணுமே? விண்டோஸ் 98-க்கு இந்த வித்தை தெரியாது. விண்டோஸ் 2000-இல்தான் தமிழ் வந்துச்சு, லதா ஃபான்டோட. அடுத்து வந்த எக்ஸ்.பி.யில் கன்ட்ரோல் பேனலுக்குள்ள போய் ஒரு பெட்டியில் டிக் அடிக்கணும். அடிச்சதும் அது விண்டோஸ் சி.டி.யைக் கேட்கும். பிரவுசிங் சென்டரில் சி.டி.க்கு எங்கே போறது? அது இல்லாத மெஷினில் கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னாடி தனியா தொங்கும். தமிழ் வலைப்பதிவுகளோட ஆரம்ப காலத்து வாசகர்கள் பலர் தமிழை இப்படித்தான் முதலில் பார்த்தாங்க. எழுதறதுக்கு இ-கலப்பை கிடைச்சுது. பேரே டெல்டாக்காரங்களுக்குப் பிடிக்கற பேரு!

போனிலும் இதே கதை. ஓப்பரா மினியில் செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போய் 'எழுத்தைப் படமா அனுப்பு'ங்கற ஆப்ஷனை ஆன் பண்ணித் தமிழ் படிச்சவங்க இதைக் கேட்டுக்கிட்டிருக்கலாம். ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்து, தமிழுக்கு 70 குறியீடு. அந்த 70-இல் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. 'நெல்'லுக்கே நாலு போயிடும்.

இதனால்தான் 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் வேணும்னு ஒரு தரப்பு கேட்டுச்சு. அதுதான் டேஸ்-16. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில், தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாகவும், யூனிகோட் முழுசா வேலை செய்யாத இடங்களுக்கு டேஸ்-16-ஐ மாற்றாகவும் அறிவிச்சுது. நடைமுறையில் ஜெயிச்சது யூனிகோட். காரணம் எளிமை: நீங்க வாங்கற போனில் அது ஏற்கனவே இருக்கு.

மூணு பூட்டு

இப்போ நம்ம கும்பகோணம் கையேட்டுக்கு வருவோம். அதுக்கு மூணு பூட்டு.

முதல் பூட்டு ஃப்ளாப்பி. அதைப் படிக்க டிரைவ் வேணும், காந்தப் பூச்சும் கெடாமல் இருக்கணும். ரெண்டாவது பூட்டு பேஜ்மேக்கர். அதோட கடைசிப் பெரிய பதிப்பு, 7.0, 2001-இல் வந்தது. அந்த ஃபைல்களைத் திறக்கத் தெரிஞ்ச கடைசி இன்டிசைன் சி.எஸ்.6. அதுக்கப்புறம் வந்தவைக்குத் தெரியாது. மூணாவது பூட்டுதான் ஃபான்ட்.

மூணாவதுக்கு மாற்றிகள் இருக்கு. பொங்குதமிழ், என்.ஹெச்.எம். கன்வெர்ட்டர் மாதிரி நல்ல கருவிகள். ஆனா ஃபைலில் ஆங்கிலமும் தமிழும் கலந்திருந்தால்? பாமினியில் ரெண்டும் ஒரே நாற்காலி ஆச்சே. எது எந்த மொழின்னு ஃபான்ட் பேர்தான் சொல்லும். வெறும் எழுத்தாக வெளியே எடுத்ததும் அந்தத் தகவல் போயிடும். ஆடுதுறை ரகம் ஏ.டி.டி. 36, ஆங்கில எழுத்தில் புள்ளி இல்லாமல் அடிச்சிருந்தால், மாற்றி அதை 'யுனுவு 36' ஆக்கும். எண் மட்டும் பிழைச்சுக்கும். ரகத்தோட பேர் தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் சரிபண்ண முடியும்.

ப்ராஜெக்ட் மதுரை இதை ஒழுங்கா செஞ்ச உதாரணம். 1998 பொங்கல் அன்னைக்கு, சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் தலைமையில் தன்னார்வலர்கள் தொடங்கின மின்னூல் திட்டம் அது. முதலில் மயிலை, இணைமதி ஃபான்ட்கள், 1999-இலிருந்து டிஸ்கி, பிறகு யூனிகோட்னு நூல்களைக் கரை மாத்திக்கிட்டே வந்தாங்க. அதனால இன்னைக்கும் படிக்க முடியுது. யாரும் கரை மாத்தாத ஃபைல்கள் அந்தக் கரையிலேயே நின்னுபோச்சு.

தஞ்சாவூர் ஏற்கனவே பார்த்தது

ஆவணம் இருக்கும், படிக்க ஆள் இருக்காது. இந்த நிலைமை தஞ்சாவூருக்குப் புதுசு இல்லை. 1676-இலிருந்து 1855 வரை தஞ்சையில் மராட்டியர் ஆட்சி. அரண்மனைக் கணக்குகளை மோடி எழுத்தில் எழுதினாங்க. அரசியல் வேண்டாம், அது எழுத்தோட பேரு! மராத்தியை வேகமா எழுதறதுக்கான கூட்டெழுத்து. ஆட்சி போச்சு, எழுத்தும் வழக்கொழிஞ்சுது. கட்டுக்கட்டா ஆவணங்கள் சரஸ்வதி மகால் நூலகத்திலும் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் இருக்கு. சரளமா படிக்கத் தெரிஞ்சவங்க ரொம்பக் குறைவு. அதில் ஒரு பகுதியைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் மொழிபெயர்த்து வெளியிட்டதாலதான் நமக்கு அந்தக் காலம் தெரியுது.

நெல்லோட கதையும் அதுதான். டெல்டாவில் இன்னைக்கும் நிலத்தை 'மா' கணக்கில் பேசறவங்க இருக்காங்க. 20 மா ஒரு வேலி. முந்திரின்னா 320-இல் ஒரு பங்கு. பெரிய கோயில் கல்வெட்டுகளில் அளவு அதுக்கும் கீழே இறங்கும். வேலி, குழி, குறுணி, பதக்கு, நஞ்சை, புஞ்சை, ஏன் நெல்லுக்கே, பழைய கணக்கில் தனித்தனிக் குறி உண்டு. டைப்ரைட்டரில் அதுக்கு விசை இல்லை, பாமினியில் இடம் இல்லை. 2019 மார்ச்சில் யூனிகோட் 12.0 வந்தபோதுதான் இதுமாதிரி 51 குறிகளுக்கு எண் கிடைச்சுது. இப்பவும் பல போன்களில் அது கட்டமாத்தான் தெரியும். இடம் கிடைச்சாச்சு, ஃபான்ட் வரணும்.

மோடிக்கும் பாமினிக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. மோடியில் கணக்கு எழுதின ஆள் இன்னைக்கு இல்லை. பாமினியில் டைப் அடிச்சவங்க இருக்காங்க. அவங்களுக்கு இப்போ ஐம்பது, அறுபது வயசு இருக்கலாம். எந்த ஃபைல் எந்த ஃபான்டுன்னு பார்த்ததும் சொல்லுவாங்க.

அதனால வீட்டிலோ, கோயில் அலுவலகத்திலோ, சங்கத்திலோ பழைய சி.டி., ஃப்ளாப்பி இருந்தால் மூணு வேலை செய்யுங்க. முதலில் அப்படியே ஒரு நகல் எடுங்க. கூட இருக்கிற ஃபான்ட் ஃபைலை 'எதுக்கு இது'ன்னு அழிச்சிடாதீங்க, அதுதான் சாவி. அப்புறம் யூனிகோடுக்கு மாத்தி, அந்த விஷயம் தெரிஞ்ச ஒருத்தரை வெச்சு ஒரு தடவை படிச்சுப் பாருங்க. 'யுனுவு 36'-ஐக் கண்டுபிடிக்கிற மென்பொருளைவிட, குறுவை போட்ட ஒரு விவசாயி சீக்கிரம் கண்டுபிடிப்பார்.